ஆறாம் படியிலிருந்து இறங்கினேன்

சமூகத் தொடர்புப் பணியாளர்களுக்கான பயிற்சியில் இன்று ஓர் ஏணி வரைந்தார்கள். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று காட்ட 1969-இல் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் வகுத்த எட்டுப் படி ஏணி: அடியில் மக்களை ஏய்ப்பது, உச்சியில் முடிவே அவர்கள் கையில்.

எங்கள் பல்கலைக்கழகம் மக்களோடு நடத்திய கடைசித் திட்டம் எந்தப் படி என்று கேட்டார்கள். ஆறாவது, கூட்டாண்மை என்றேன், கொஞ்சம் பெருமிதத்தோடுதான்.

"கூட்டத் தேதியை யார் குறித்தது?" என்றார் பக்கத்திலிருந்த புதிய ஊழியர்.

நாங்கள்தான். நிகழ்ச்சி நிரல்? அதுவும் நாங்கள்தான்.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் மேசையில் வைத்த பெயர் அட்டைகள் நினைவுக்கு வந்தன. எங்களுக்குப் பட்டத்தோடு பெயர். மக்கள் சார்பில் வந்த நால்வருக்கும் 'சமூகப் பிரதிநிதி' என்று மட்டும். பேசாமல் நான்காம் படிக்கு, வெறும் கருத்துக் கேட்புக்கு, இறங்கிவிட்டேன். (பயிற்சிச் சான்றிதழில் என் பெயர் பிழையில்லாமல் இருந்தது.)

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. நாளை நால்வரையும் அழைத்துக் கேட்கப் போகிறேன்.