படைத்தவர் உண்டு என்று அறிவியல் சொன்னால்: ஐந்து நாள் குறிப்புகள்

மார்ச் 14
சான்று எங்கே கிடைக்கலாம்? பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில், அதாவது பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து மிஞ்சி இன்றும் வானமெங்கும் நிறைந்திருக்கும் ஒளியில். எல்லாத் திசையிலிருந்தும் வருவது, வெப்பநிலை 2.725 கெல்வின், இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. படைத்தவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேதி எழுத நினைத்தால் இதுவே ஏற்ற பலகை என்று ஸ்டீபன் சூ, ஆந்தனி ஜீ என்ற இயற்பியலாளர்கள் 2006இல் எழுதினார்கள். அந்த ஏற்ற இறக்கத்தில் பகா எண்களின் வரிசை தெரிந்ததாக வைத்துக்கொள்வோம்.

மார்ச் 15
உடனே நம்பிவிடக் கூடாது. இந்தக் கதிர்வீச்சை அளந்த டபிள்யூமேப் செயற்கைக்கோள் எடுத்த வரைபடத்தில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் ஆங்கில முதலெழுத்துகள் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. தற்செயல்தான். பகா எண், பை, வேறு வரிசை என்று ஆயிரம் வடிவங்களைத் தேடினால் ஒன்றாவது சிக்கும். அதனால் எதைத் தேடுகிறோம் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிப் பூட்டிவைக்க வேண்டும். 2012இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளைக் கண்டதாக அறிவிக்க வைத்த வரம்பு 5 சிக்மா, அதாவது தற்செயலாக நேர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இதற்கு அதுவும் போதாது. வேறு கருவி, வேறு குழு, வேறு அலைவரிசை மூன்றிலும் அதே வரிசை வந்தாக வேண்டும்.

மார்ச் 17
2014இல் இதே நாளில்தான் தென்துருவத்து பைசெப்2 குழு ஆதி ஈர்ப்பலையின், அதாவது பிரபஞ்சம் தொடங்கியபோது வெளியில் எழுந்த அதிர்வின், தடயம் இந்தக் கதிர்வீச்சில் கிடைத்ததாக அறிவித்தது. ஏறக்குறைய 10 மாதம் கழித்து, பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தடயத்தை நம் பால்வெளியின் தூசியே தந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் திருத்திக்கொண்டார்கள். இதே தவறு படைத்தவர் விஷயத்தில் நடந்தால்? அந்த 10 மாதத்தில் மதம் மாறியவர்கள், உறவை முறித்தவர்கள், சொத்தை எழுதிவைத்தவர்கள் எதைத் திருத்திக்கொள்வார்கள்? எனக்குப் பெரிய பயம் இதுதான்.

மார்ச் 18
‘எங்கள் சாமிதான்’ என்ற குரல் அன்றைக்கே எழும். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற அறிவியலைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசினார். அந்தக் கோட்பாட்டின் முன்னோடியும் பாதிரியாருமான லெமேத்தர் அந்த முடிச்சை ஏற்கவில்லை. சைவ சித்தாந்திக்கோ பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கமே இல்லாதவை. குயவனுக்கு முன்பே மண் உண்டு. சமணத்தில் படைப்பவரே கிடையாது. ஒரே சான்று ஒவ்வொரு வாசலிலும் வேறு சண்டையாகும்.

மார்ச் 19
தமிழில் அறிவிக்கும்போது வினைமுற்றிலேயே சிக்கல். படைத்தான், படைத்தாள், படைத்தது, படைத்தார்கள்: எதைப் போட்டாலும் சான்றில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ‘கடவுள்’ என்று எழுதினால் கேட்பவர், காப்பவர், தண்டிப்பவர் எல்லோரும் கூடவே வந்துவிடுவார்கள். பகா எண் வரிசை அதில் எதையும் காட்டாது. ‘இந்தக் கதிர்வீச்சில் ஒரு வரிசை எழுதப்பட்டிருக்கிறது’ என்ற வாக்கியம் மட்டுமே தாங்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் ஏன்?’ என்று கேட்பாள். கேட்க ஆள் இருக்கிறது என்று இப்போதுதானே சொல்லியிருக்கிறோம். அறிவிப்பு வெளியாகும் மணிக்கே அவளோடு உட்கார்ந்து பேச ஆட்கள் தயாராக இருக்க வேண்டும்.