பலகையில் ஒரு சுழி

2020-ல் ஊரடங்கு போட்ட மூன்றாவது மாதம் எனக்கு வேலை போனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தேன். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குறுவைக்கு உழவு நடந்தது, ஊரில் எல்லோருக்கும் வேலை இருந்தது. நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தச்சுப்பட்டறை உண்டு. அப்பா போய்க் கேட்டார். "அனுப்பி வை. சுருள் அள்ளவாவது ஆள் வேணும்" என்றாராம்.

முதல் ஒரு மாதம் இழைப்புச் சுருள்தான் அள்ளினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. நான் வெர்னியரில் அளந்தவன். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு பெட்டிச் சரக்கையே திருப்பி அனுப்பியவன். இங்கே என்னடாவென்றால், "ரெண்டே முக்கால், ஒரு நூல் தள்ளி" என்று பேசுகிறார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அப்படியென்றால் ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்கும் மேலே. இதெல்லாம் ஒரு அளவா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பட்டறையில் இருந்த மூலைமட்டமும் அப்படித்தான் தெரிந்தது. ஈட்டி மரக் கட்டை, அதன் ஓரத்தில் ஒரு பித்தளைப் பட்டை, குறுக்கே ஆறு அங்குல இரும்புத் தகடு. தகட்டில் எப்போதோ எண்கள் இருந்திருக்க வேண்டும். கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்து போயிருந்தன. மூலைமட்டம் என்றால் பள்ளிக்கூட வடிவியல் பெட்டியிலேயே பார்த்தாயிற்று. கட்டையை மரத்தின் ஓரத்தில் சாய்த்து, தகட்டை ஒட்டிப் பென்சிலால் கோடு போட வேண்டும். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒரு நாள் ஸ்டூல் கால்களுக்கு நாலு துண்டு அறுக்கச் சொன்னார் பெரியவர். மரத்தின் ஒரு பக்கம் கோடு போட்டேன். மரத்தைத் திருப்பி, அதே கோட்டிலிருந்து அடுத்த பக்கம். இப்படியே நாலு பக்கமும் சுற்றி வந்தால், கடைசிக் கோடு முதல் கோட்டில் வந்து முட்ட வேண்டும். முட்டவில்லை. அரை நூல் தள்ளி நின்றது. இரண்டாவது துண்டிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரு நூல்.

மட்டம்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பழசு, எத்தனை தடவை கீழே விழுந்ததோ! பெரியவரிடம் சொல்லத் தயங்கி, ஆன்லைனில் ஒரு காம்பினேஷன் ஸ்கொயர் வாங்கினேன். நீள ஸ்கேலில் ஒரு தலை நகரும். 90 பாகையும் பார்க்கலாம், 45 பாகையும் பார்க்கலாம், ஆழமும் அளக்கலாம். அமெரிக்காவில் ஸ்டாரெட் என்பவர் 1879-ல் காப்புரிமை வாங்கிய சாமான் இது. அடிப்படை அமைப்பு மாறாமல் இன்னும் விற்கிறது. நான் வாங்கியது அசல் இல்லை, ஏதோ ஒரு நகல். பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பெருமையாக மேசைமேல் வைத்தேன்.

பெரியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஓரம் நேராக இழைத்த ஒரு பலகையை எடுத்தார். பழைய மட்டத்தை அந்த ஓரத்தில் வைத்துக் கத்தி முனையால் ஒரு கோடு கீறினார். பிறகு மட்டத்தை அப்படியே புரட்டிப் போட்டு, கட்டை மறுபக்கம் போகும்படி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஒரே கோடுதான் தெரிந்தது.

"மட்டம் கோணலா இருந்தா ரெண்டு கோடும் வி மாதிரி விரியும். விரியுறதுல பாதிதான் மட்டத்தோட குத்தம். எங்க, ஒன்னோடத வை."

வைத்தேன். அதுவும் ஒரே கோடுதான். ஆக இரண்டு மட்டமும் யோக்கியம். பெரியவர் என் ஸ்டூல் காலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுல முகம் எது தம்பி?"

எனக்குப் புரியவில்லை. நாலு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

அவர் அறுத்து வைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் ஒரு சுழி போடுவார். பிள்ளையார் சுழி மாதிரியே இருக்கும்: ஒரு வளைவு, ஒரு வால். சாமி கும்பிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். (காலையில் கற்பூரம் கொளுத்துகிறவர்தானே, நினைத்தது தப்பில்லை.) அது பக்தி சமாசாரமே இல்லை. மரத்தில் முதலில் ஒரு பக்கத்தைத்தான் இழைத்து, முறுக்கு இல்லாமல் தட்டையாக்குகிறார்கள். அதுதான் முகம். அடுத்து, முகத்துக்குச் சரியாக மூலைமட்டம் பிடித்துப் பிடித்து ஒரு ஓரத்தை இழைக்கிறார்கள். சுழி போடுவது முகத்தில். அதன் வால் எந்த ஓரத்தைத் தொடுகிறதோ அதுதான் நம்பகமான ஓரம். அதன் பிறகு அந்த மரத்தில் எந்தக் கோடு போட்டாலும் மட்டத்தின் கட்டை இந்த இரண்டில் ஒன்றைத்தான் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கமும் எப்படியிருந்தாலும் கவலையில்லை, அவற்றை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

நான் செய்தது என்ன? நாலு பக்கத்தையும் நம்பினேன். மரத்தைத் திருப்பும்போதெல்லாம் கட்டையையும் புதிதாக ஒரு பக்கத்தில் சாய்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் கோணலும் அடுத்த கோட்டில் ஏறிக்கொண்டது. பழி மட்டத்தின்மேல் விழுந்தது.

அன்று முகமும் ஓரமும் பார்த்து மறுபடி கோடு போட்டேன். முகத்தில் போடும்போது கட்டை ஓரத்தில், ஓரத்தில் போடும்போது கட்டை முகத்தில், பின்பக்கத்துக்கு மறுபடி ஓரம், கடைசிப் பக்கத்துக்கு மறுபடி முகம். கோடு சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் முட்டியது. இதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை.

கையிலும் திருத்தங்கள் இருந்தன. நான் கட்டையையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டை மரத்தை விட்டு மயிரிழை எழும்பினாலும் தெரியாது. கட்டைவிரலால் கட்டையை மரத்தோடு அழுத்த வேண்டும், மற்ற விரல்கள் தகட்டின்மேல் சும்மா படுத்திருந்தால் போதும். அப்புறம் பென்சில். மழுங்கின பென்சிலின் கோடே அரை நூல் தடிமன் இருக்கும். ரம்பம் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் போகிறது? அதனால் கழுந்துக்கும் (ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கும் நாக்கு) துளைக்கும் அவர் பென்சிலைத் தொடுவதே இல்லை, கத்தியால் கீறுவார். கீறல் என்றால் அதற்குத் தடிமனே கிடையாது. உளியை அதில் வைத்தால் தானாகப் போய் உட்காரும். நூல் கணக்கைப் பார்த்துச் சிரித்தவன் அன்றைக்குத்தான் வாயை மூடினேன். பேச்சில்தான் நூல், கீறலில் வெர்னியரே தோற்கும்.

அரை நூல்தானே என்று விடவும் முடியாது. ஆறு அங்குலத் தகட்டில் அரை நூல் விலகினால் ஏழடிக் கதவின் உயரத்துக்குப் போகும்போது ஏழு நூல். ஏறக்குறைய ஒரு அங்குலம்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை டேப்பின் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடியது. யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு மத்தியானம் சுத்தியலால் அதன் ஆணியைத் தட்டி இறுக்கி வைத்தேன். மறுநாள் அலமாரித் தட்டுகள் ஒன்றும் உட்காரவில்லை. அந்தக் கொக்கி ஆடத்தான் வேண்டுமாம். வெளியே மாட்டி இழுத்து அளக்கும்போதும், உள்ளே முட்டுக்கொடுத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமல் இருக்க, அது தன் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்கிறது. தரப் பரிசோதனையில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு இது தெரியவில்லை. புது டேப்புக்கான பணம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நியாயம்தான்.

ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் கதவு வேலை வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்த வீட்டுக் கொல்லையில் விழுந்த பலா மரம். பலகையாக அறுத்து, இரண்டு வருஷமாக மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருந்தார்கள். நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த வீட்டு ஆச்சிக்கு அந்த மரத்தின்மேல் அவ்வளவு பிரியம், அதிலேயே கூடத்துக் கதவு வேண்டும் என்றார். பழைய கதவில் அடிச்சட்டம் செல்லரித்திருந்தது.

அளவெடுக்கப் போனபோது என் புது ஸ்கொயரைத் தோளில் துப்பாக்கி மாதிரி வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் கொண்டு வந்தது இரண்டு மூங்கில் பிளாச்சு. அவற்றைச் சேர்த்துப் பிடித்து, நிலைக்கால்களுக்கு இடையில் இரண்டு முனையும் முட்டும்வரை நகர்த்தி, சேர்ந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல். இவ்வளவுதான் அகலம். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று. எண்ணே கிடையாது. எண்ணைப் படித்து, மனசில் வைத்து, பட்டறைக்கு வந்து எழுதுவதற்குள் எத்தனை இடத்தில் தவறலாம் என்று யோசித்தால் இந்த வழியின் அருமை தெரியும்.

பிறகு குறுக்கே அளந்தார். ஆறடி உயரம், மூன்றடி அகலம். நிலை சதுரமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 6 அடி எட்டரை அங்குலம் வர வேண்டும். ஒன்று அதற்குமேல் இரண்டு நூல், இன்னொன்று இரண்டு நூல் கம்மி. டெல்டாவின் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அந்த மண்ணில் எத்தனையோ தலைமுறை நின்ற வீடு. நிலை அரை அங்குலம் பூட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நிலையை எடுத்துத் திருப்பி வச்சிடலாங்களா?" என்று கேட்டேன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேலே கஜலட்சுமி செதுக்கிய நிலை அது. அவர் மாமனாரின் அப்பா நாள் பார்த்து வைத்தது.

"மட்டத்தை உள்ள வை தம்பி" என்றார் பெரியவர்.

அந்தக் கதவைச் செய்த பதினைந்து நாளும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். கழுந்துகள் எல்லாம் மட்டம் பார்த்து அச்சாக இறங்கின. பலகைகளைச் சட்டத்தின் காடியில் பசை வைக்காமல் செருகினோம். பலகை மழைக்காலத்தில் குறுக்கே உப்பும், கோடையில் சுருங்கும், நீளத்தில் அநேகமாக அசையாது. இறுக்கி ஒட்டினால் வெடித்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் கடைசியில் இவ்வளவு நேர்த்தியாகச் சதுரமாக்கிய கதவை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய், நிலையின் சாய்வுக்கு ஏற்ப மேல் சட்டத்திலும் அடிச்சட்டத்திலும் எதிரெதிர் மூலையில் இழைத்துக் கோணலாக்கினார் பெரியவர். அதற்காகவே அந்தச் சட்டங்களை அகலமாக விட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குக் கோணம் அவ்வளவாகத் தெரியாது, சந்து ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் இருந்தால் உடனே தெரியும் என்றார். நாலு பக்கமும் ஒரு நூல் சந்து. பத்து ரூபாய் நாணயத்தைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.

கீலை முடுக்கியதும் ஆச்சி எழுந்து வந்தார். கதவின் சாயத்தைப் பார்க்கவில்லை, பலா மரத்தின் மஞ்சளைத் தடவிப் பார்க்கவில்லை. கதவைப் பாதி திறந்து, கையை எடுத்துவிட்டு நின்றார். கதவு மெதுவாக, தானே வந்து சாத்திக்கொண்டது.

"பழசும் இப்படித்தான் சாத்திக்கும். மகாலட்சுமி வீட்டுக்குள்ளேயே இருக்கான்னு எங்க மாமியார் சொல்வாங்க. புதுசுல போயிடுமோன்னு பயந்துகிட்டிருந்தேன்" என்றார்.

நிலை பூட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், கீல் அச்சும் சேர்ந்து சாய்ந்து, கதவு தன் எடையிலேயே மூடும் பக்கம் இறங்கும். நிலையை நிமிர்த்தியிருந்தால் இது நடந்திருக்காது. நான் வாயைத் திறக்கப் போனேன். பெரியவர் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "ஆமாங்க ஆச்சி, அது எங்கயும் போகாது" என்றார்.