அணிந்தவரின் தடம்

ஆடை அருங்காட்சியகங்களின் அலமாரிகளைத் திறந்தால் அதிகம் கிடைப்பவை கல்யாணத் துணிகள், விருந்துக்குப் போட்ட மேலாடைகள், ராணுவச் சீருடைகள், குழந்தைக்கு ஒரே ஒரு முறை அணிவித்துப் பத்திரப்படுத்திய சட்டைகள். மனிதர்கள் தினமும் உடுத்தியது அங்கே குறைவு. தினமும் உடலோடு ஒட்டியிருந்த உள்ளாடை அதைவிடக் குறைவு. கிழியும் வரை போட்டார்கள், கிழிந்த பிறகு கரித்துணியாக்கினார்கள். மிஞ்சியதை, ஒருவர் இறந்த பின் வீட்டை ஒழிக்கும்போது, யார் கண்ணிலும் படாமல் முதலில் அப்புறப்படுத்தினார்கள். பூச்சியும் ஈரமும் அழித்ததைவிட உள்ளாடைகளைக் கூச்சம் அழித்ததுதான் அதிகம் என்பது இத்தனை ஆண்டு வேலையில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம்.

அதனால்தான் தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றும் பெரிய செய்தி ஆகிவிடுகிறது. ஆஸ்திரியாவின் கிழக்குத் திரோல் பகுதியில் லெங்பெர்க் கோட்டையைப் பழுது பார்த்தபோது, 2008-ல், தளத்துக்கு அடியில் கூரை வளைவின் இடுக்கை நிரப்பக் கொட்டியிருந்த குப்பைக்குள் 2,700-க்கும் மேற்பட்ட துணித் துண்டுகள் அகப்பட்டன. அவற்றில் நான்கு, இன்றைய ப்ராவை ஒத்த லினன் உள்ளாடைகள். கதிரியக்கக் கார்பன் ஆய்வு அவற்றைப் பதினைந்தாம் நூற்றாண்டில் வைத்தது. இரண்டு கிண்ணங்களாகத் தைத்த மார்புக்கச்சு பிற்காலக் கண்டுபிடிப்பு என்று எழுதி வைத்திருந்த வரலாற்றைக் கந்தல் துணி திருத்தியது. அதை யாரும் பாதுகாக்கவில்லை. வேண்டாம் என்று எறிந்தார்கள். எறிந்த இடம் உலர்ந்து இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். எகிப்தில் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த சுமார் 145 லினன் கோவணங்கள் இதற்கு நேர் எதிர். அவை மன்னனின் மறுமைப் பயணத்துக்காக வேண்டுமென்றே வைத்தவை. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, சாதாரண மனிதர்களின் சாதாரண உள்ளாடை கோடிக்கணக்கில் மண்ணாகிப் போயிற்று.

அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பாதுகாக்கும் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, இதைத் துவைச்சு வெச்சிட்டா நல்லதில்லையா?" நியாயமான கேள்வி. மேசையில் கிடப்பது அக்குள் மஞ்சளித்த ஓர் உள்சட்டை, இடுப்பு நாடா கறுத்த ஓர் அரைக்கால் உள்ளாடை. பார்த்ததும் கை தண்ணீரைத் தேடும்.

வேதியியலும் அவர்கள் பக்கம்தான் பேசும். வியர்வையில் உப்பும் யூரியாவும் லாக்டிக் அமிலமும் உண்டு. தோலின் எண்ணெய்ப்பசை இழைகளுக்குள் இறங்கி, காற்றின் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து மஞ்சளாகும். அணிந்த அன்று நிறமே தெரியாத இடம் பத்து, இருபது வருடத்தில் தேநீர் நிறம் கொள்வது இதனால்தான். அமிலம் பருத்தியின், லினனின் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுக்கிறது. துணி மொடமொடப்பாகி, மடித்த கோட்டிலேயே பிளக்கிறது. வியர்வையை நிறுத்தும் பூச்சுகளில் சேர்க்கும் அலுமினிய உப்புகளும் அமிலத்தன்மை கொண்டவை. இருபதாம் நூற்றாண்டுத் துணிகளில் அக்குள் பகுதி மட்டும் தனியாக இற்றுப்போயிருப்பதற்கு அவையும் ஒரு காரணம். அழுக்கு பூச்சியையும் அழைக்கும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும்தான் தின்னும் என்றாலும், மனித வியர்வை படிந்த இடத்தைத் தேடிப் போய்த் தின்னும். ஆக, துவைக்காமல் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்துத்தான் வைக்கிறோம்.

ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்குப் பதில் அந்தக் கறைகளிலேயே இருக்கிறது. பெண்களின் பழைய அரைக்கால் உள்ளாடைகளில் இடுப்புப் பட்டையின் முன்னும் பின்னும், நடுக்கோட்டில், சின்னச் சின்னத் துருப்புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் யாருக்கும் புரியாது. மாதவிலக்குத் துணியை ஊக்கு வைத்துப் பொருத்திய இடங்கள் அவை என்று வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ஈரமும் வெப்பமும் பட்டு ஊக்கு துருவேறியிருக்கிறது. மாதா மாதம் அதே இடத்தில் குத்தியதால் இழை தளர்ந்திருக்கிறது. எந்தக் கடிதத்திலும் எந்த நாட்குறிப்பிலும் அந்தப் பெண் இதை எழுதியிருக்க மாட்டாள். எழுத அவளுக்கு இடமே இருந்திருக்காது. துரு நீக்கும் கரைசலில் நனைத்தால் புள்ளிகள் போய்விடும். துணி அழகாகும், அவள் போய்விடுவாள்.

கொக்கி வரிசைகளும் அப்படித்தான். ப்ராவின் பின்பட்டையில் இரண்டு மூன்று வரிசை வளையங்கள் இருக்கும். எந்த வரிசை தேய்ந்து பளபளக்கிறது, எது புதிதாகவே நிற்கிறது என்று பார்த்தால் உடல் எந்தப் பக்கம் மாறியது என்று தெரியும். தையலைப் பிரித்து அகலமாக்கி, பிறகு மறுபடி பிடித்துத் தைத்த உள்பாடிகள் உண்டு. பழைய ஊசித்துளைகள் ஒரு வரி, புதியவை ஒரு வரி. கர்ப்பமோ நோயோ நடுவில் வந்து போயிருக்கும். எதுவென்று நான் ஊகித்து எழுத மாட்டேன், துளைகளை மட்டும் பதிவு செய்வேன். ஒட்டுப் போட்ட இடங்களில் எனக்குத் தனிப் பிரியம். வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இழை இழையாக ஓட்டி, மேற்பரப்பு உறுத்தாதபடி முடிச்சை மறைத்த கைவேலை அது. உறுத்தினால் தோல் சொல்லிவிடும் என்பதால் உள்ளாடையில் ஒட்டுப் போடுவது மேலாடையில் போடுவதைவிடக் கடினம்.

1649-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்படுவதற்காக மேடைக்குப் போனபோது அணிந்ததாகச் சொல்லப்படும் பின்னல் பட்டு உள்சட்டை லண்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்புறக் கறைகள் புற ஊதா ஒளியில் ஒளிர்கின்றன. உடல் திரவம் என்று கொள்ளலாம், ரத்தம்தான் என்று அறுதியிட முடியவில்லை. அந்தக் கேள்வியை இன்றும் கேட்க முடிவதற்குக் காரணம், நடுவில் வந்த யாரும் அதை நன்றாகத் துவைத்து வைக்காததுதான். நாளை இன்னும் நுட்பமான கருவி வரும். அது கேட்கப்போகும் கேள்வி என்னவென்று நமக்குத் தெரியாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் நாங்கள் இவற்றைத் தொடாததற்கு எங்கள் சுகாதாரம் பாதிக் காரணம். எங்கள் வியர்வையும் மரபணுவும் அதில் கலந்துவிடக் கூடாது என்பது மீதி.

துவைப்பதே இல்லை என்று சொல்லவில்லை. பூஞ்சை உயிரோடு பரவினாலோ, அமிலம் ஏறித் துணி தூளாகும் நிலையில் இருந்தாலோ, பொருளே இல்லாமல் போவதைவிடக் கறை குறைவது மேல். அப்போதும் முதலில் படம் எடுத்து, கறையின் இடமும் அளவும் நிறமும் வரைபடத்தில் குறித்து, ஒரு மூலையில் சாயம் கசிகிறதா என்று சொட்டு நீரில் பார்த்து, கூடுமானால் கறைபட்ட ஓர் இழையைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் தண்ணீர். சோப்பு என்பதெல்லாம் அதற்கும் அப்புறம். பெரும்பாலான துணிகளுக்கு நாங்கள் செய்வது, மெல்லிய வலையை மேலே விரித்துக் குறைந்த உறிஞ்சலில் தூசி எடுப்பது மட்டும். இஸ்திரி கிடையாது. முழங்கால் மடங்கிய சுருக்கமும் இடுப்பில் சுருண்ட நாடாவும் அணிந்த உடலின் பதிவு. சூடு பட்டால் அது நேராகிவிடும், கறையும் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

வைக்கும் முறை கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம், ஆனால் வேலையின் பெரும்பகுதி அதுதான். அமிலமற்ற அட்டைப் பெட்டி. பருத்திக்கும் லினனுக்கும் காரம் சேர்த்த டிஷ்யூ காகிதம், பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் சேர்க்காதது. மடிக்காமல் கிடத்த முடிந்தால் அதுவே உத்தமம். மடித்தே ஆக வேண்டுமானால் காகிதத்தை உருளையாகச் சுருட்டி மடிப்புக்குள் வைத்து, கோடு விழாமல் வளைய விடுவோம். கிண்ணங்களுக்குப் பாலியெஸ்டர் பஞ்சை மென்துணியில் பொதிந்து, அணிந்தவரின் வடிவம் எதுவோ அந்த அளவுக்கு மட்டும் நிரப்புவோம். கடைப் பொம்மையின் வடிவத்துக்குப் புடைக்க வைத்தால் இழைக்கும் கேடு, உண்மைக்கும் கேடு. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே, காட்சிக்கு வைத்தால் ஒளி 50 லக்ஸுக்கு மிகாமல். ஈரப்பதம் அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு அழைப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைப்பதுதான் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் துணியிலேயே வேலை செய்யும். குற்றவியல் தடய ஆய்விலும் ஈரமான ஆடையை உலர்த்தி, காகிதப் பையில்தான் அனுப்புகிறார்கள், காரணம் ஒன்றே.

பூச்சிச் சந்தேகம் இருந்தால் மட்டும் பிளாஸ்டிக்குக்கு வேலை உண்டு. பாலிதீனில் காற்றை வெளியேற்றிச் சுற்றி, மைனஸ் முப்பது டிகிரியில் மூன்று நாள் அளவுக்கு உறைய வைப்போம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு முழுதாக வந்த பிறகே பிரிக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த துணியின் மேல் நீர் முத்திட்டு, பூச்சி போய்ப் பூஞ்சை வரும். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்கச்சுகளான கோர்செட்டுகளில் இது அடிக்கடி தேவைப்படும். அவற்றின் விறைப்புக்குச் செருகிய திமிங்கலத் தாடைத் தகடு நம் நகத்தைப் போன்ற கெரட்டின் பொருள். கம்பள வண்டின் புழு துணியை விட்டுவிட்டு அதை மட்டும் குடைந்து தின்றிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எஃகுத் தகடாக இருந்தால் துரு. இரண்டில் எது வந்தாலும், தகட்டை உருவி எடுத்துத் தனியே வைக்கலாமா என்ற விவாதம் எங்கள் மேசையில் நடக்கும். நான் பெரும்பாலும் உருவ வேண்டாம் என்பேன், தையலைப் பிரித்த பிறகு அது அதே தையல் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எலாஸ்டிக். லினன் சரியான இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். ரப்பர் ஒரு மனித ஆயுளுக்குத் தாங்காது. ஆக்சிஜன் பட்டு முதலில் பிசுபிசுக்கும், பக்கத்துத் துணியில் பழுப்பாக ஒட்டும், பிறகு காய்ந்து, தொட்டால் துகளாகும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் விடும் ஆவி அருகிலுள்ள உலோகக் கொக்கியையும் கறுக்கச் செய்யும். 1958-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ், அதாவது எலாஸ்டேன், ரப்பரைவிட உறுதியானது. ஆனால் அது பாலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக் குடும்பம். காலப்போக்கில் மஞ்சளித்து நெகிழ்வை இழக்கிறது. ப்ராக் கிண்ணத்துக்குள் வைக்கும் நுரையும் அதே குடும்பம், அது இன்னும் சீக்கிரம் பொடியாகிறது. ஒட்டாத பூச்சுள்ள தாளை இடையில் வைக்கிறோம், குளிர்ச்சியைக் கூட்டுகிறோம், சிலவற்றை ஆக்சிஜன் உறிஞ்சியோடு தடுப்புப் படலத்தில் அடைக்கிறோம். இவையெல்லாம் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. பதினைந்தாம் நூற்றாண்டு ப்ரா நம்மிடம் இருக்கும், 1980-ல் போட்டது இருக்காது என்ற நிலை வரலாம். அதனால் எலாஸ்டிக் உள்ளவற்றை மட்டும், இன்னும் நீளும் நிலையில் இருக்கும்போதே, அளவெடுத்து, தைப்பு முறையை வரைந்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறேன்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அது வேதியியல் இல்லை. இந்தத் துணியை உடுத்தியவர் இதை நான் பார்ப்பேன் என்று நினைத்து உடுத்தவில்லை. பெயர் தெரிந்தவர் என்றால் இன்னும் சிக்கல். 1963-ல் கென்னடி சுடப்பட்ட அன்று ஜாக்குலின் கென்னடி அணிந்திருந்த இளஞ்சிவப்பு உடையும் காலுறைகளும் துவைக்கப்படாமல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2003-ல் குடும்பத்தார் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2103 வரை அந்த உடை காட்சிக்கு வராது. கறையை அப்படியே காத்துக்கொண்டு கண்ணிலிருந்து மறைத்து வைப்பதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாதுகாப்பது வேறு, காட்டுவது வேறு. பிரபலம் அல்லாத ஒரு பெண்ணுக்கும் அந்த மரியாதை உண்டு என்பதே என் கட்சி. எங்கள் பதிவேட்டில் கறையின் விவரம் எல்லாம் உண்டு; ஆனால் பெயரோடு சேர்ந்த உடல் விவரங்களை, ஆய்வுத் தேவை சொல்லிக் கேட்பவருக்கு மட்டுமே திறக்கிறோம். சும்மா பார்க்கக் கேட்பவர்களும் வருவார்கள். இல்லை என்று சொல்வதற்கு நான் தயங்கியதில்லை.

கொடுப்பவர்களோடு பேசுவதுதான் கடினமும் நிறைவும். ஒருமுறை வயதான ஒரு பெண், தன் தாயாரின் துணிகளைக் கொண்டு வந்தார். மேலே புடைத்துத் தெரிந்த நல்ல துணிகளை எடுத்து அடுக்கிவிட்டு, பையின் அடியிலிருந்ததை எடுக்கத் தயங்கினார். "இது வேண்டாம்மா, கந்தல். அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்க." ஒட்டின் மேல் ஒட்டாக இருந்த உள்பாவாடைகள். நான் ஒன்றை விரித்து, மூன்று விதமான நூலில் மூன்று காலத்தில் போட்ட தையலைக் காட்டினேன். கடைசித் தையல் கோணலாக இருந்தது. "கண்ணு தெரியாம போன அப்புறம் போட்டது," என்றார். பிறகு, வீட்டில் இன்னும் இருக்கிறது, துவைத்துக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். துவைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்றேன்.

இப்போது தானம் பெறும் படிவத்தோடு ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறோம். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஊக்கையோ நாடாவையோ கழற்றாதீர்கள், ரசகற்பூர உருண்டை போடாதீர்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் கொண்டு வாருங்கள் என்று அதில் இருக்கிறது. யார் உடுத்தியது, எந்த வயதில், யார் தைத்தது என்று தெரிந்ததை எழுதக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறோம். எதை யாருக்குக் காட்டலாம், எத்தனை ஆண்டுகளுக்குக் காட்டக் கூடாது என்று குடும்பமே குறிக்கும் கட்டம் அதற்குக் கீழே வருகிறது.