வெலிங்டனில் உட்கார்ந்து வெலிங்டனைப் படிக்கிறேன்

செப்டம்பர் 14

குன்னூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "வெலிங்டன்னா யாருப்பா?" வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். தாத்தா இங்கே மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்தவர். ஊர்ப்பெயருக்கு உரியவர் பிரிட்டனின் பிரதமராகவும் இருந்தார் என்பது இன்று மாலைதான் தெரிந்தது.

அவர் இந்த மலைக்கு வந்ததே இல்லை. 1805இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் குடியேறத் தொடங்கியதே அதற்குப் பல வருடம் கழித்து. ஜெகதளைப் பக்கம் பாரக்ஸ் கட்டிய பிறகு அவர் பெயரை வைத்தார்கள். அவர் இறந்ததும் ஒரு செப்டம்பர் 14தான், 1852இல். படிக்கப் படிக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 17

வெலிங்டனின் சொந்தப் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1769இல் டப்ளினில் பிறந்தார். நெப்போலியனும் அதே வருடம்தான். சின்ன வயதில் அப்பா போய்விட்டார். வயலின் நன்றாக வாசிப்பவர். கிட்டி பேக்கன்ஹாம் என்ற பெண்ணைக் கேட்டு, அவள் வீட்டில் மறுத்ததும், வயலினை எரித்துவிட்டு முழுச் சிப்பாயாக மாறினார்.

1799 ஏப்ரல் 5 இரவு. ஶ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பு. ஆங்கில ஆவணங்களில் 'சுல்தான்பேட்டை டோப்' என்றே எழுதியிருக்கிறார்கள், நம் தோப்புதான். பகலில் போய்ப் பார்க்காத இடத்துக்குள் இருட்டில் படையோடு நுழைந்தார். திப்புவின் ஆட்கள் சுட, படை சிதறியது. முழங்காலில் குண்டு உரச, திரும்பி வந்தார். பிடிபட்ட 12 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். மறுநாள் பகலில் அதே தோப்பைப் பிடித்தார்கள். ஆனால் அந்த இரவு அவருக்கு ஆறவே இல்லை. கண்ணால் பார்க்காத இடத்தை இனி இரவில் தாக்குவதில்லை என்று முடிவெடுத்தார்.

மே 4இல் கோட்டை விழுந்தது. முன்னால் நின்று ஏறியவர் ஜெனரல் பேர்ட். கோட்டையை ஆளும் பொறுப்போ வெல்லெஸ்லிக்குப் போனது. அண்ணன் ரிச்சர்ட் அப்போது கவர்னர் ஜெனரல். வேலையை நன்றாகத்தான் பார்த்தார், ஆனாலும் இந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

செப்டம்பர் 23

இன்று அசாயே போர் நடந்த நாள். 1803இல் இதே தேதி.

எதிரே மராட்டிய மன்னர்கள் சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் படைகள். இவர் கையில் இருந்ததைப் போலப் பல மடங்கு. நடுவில் கைட்னா ஆறு. அந்தப் பக்கம் கடக்க இடமே இல்லை என்று வழிகாட்டிகள் அடித்துச் சொன்னார்கள். இவர் தானே குதிரையில் போய்ப் பார்த்தார். ஆற்றின் இக்கரையில் ஒரு ஊர், நேர் எதிர்க்கரையில் இன்னொரு ஊர். இரண்டு ஊர்க்காரர்களும் எப்படிப் போய் வருவார்கள்? கட்டாயம் அங்கே ஆழமில்லாத இடம் இருக்கும். இருந்தது. படை இறங்கிக் கடந்தது.

இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். நம்மில் யார் ஆற்றங்கரை ஊரில் பிறந்திருந்தாலும் இது புரியும்.

ஜெயித்தார், ஆனால் படையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்தோ காயப்பட்டோ போனது. ஏறியிருந்த குதிரை சுடப்பட்டது, இன்னொன்று ஈட்டியில் குத்துப்பட்டது. வயதான காலத்தில், நீங்கள் செய்ததிலேயே சிறந்த சண்டை எது என்று கேட்டபோது, வாட்டர்லூ என்று சொல்லவில்லை. "அசாயே" என்று ஒரே சொல்.

அன்று ஆற்றில் இறங்கிய காலாட்படையில் மெட்ராஸ் பட்டாலியன்கள் ஐந்து. தாத்தாவின் தொப்பிச் சின்னத்தில் இருக்கும் யானை அந்த அசாயே வெற்றியின் நினைவாக வந்ததுதான். அலமாரியிலிருந்து எடுத்து மகளிடம் காட்டினேன். அந்தச் சிப்பாய்களின் பெயர்களை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் காணோம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

செப்டம்பர் 27

ஸ்பெயின், போர்ச்சுகல், வாட்டர்லூ எல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டேன். அவை எல்லோருக்கும் தெரிந்த கதை.

1828 ஜனவரியில் பிரதமர். டோரி கட்சி: ராஜா, திருச்சபை, நிலப்பிரபுக்கள், பழைய முறை. இவரும் அப்படியே. அந்த வருடம் அயர்லாந்தில் கிளேர் தொகுதியில் டேனியல் ஓ'கானல் ஜெயித்தார். அவர் கத்தோலிக்கர், சபையில் உட்கார முடியாது. அயர்லாந்து கொதித்தது. வெலிங்டன் அங்கே பிறந்தவர், அங்கே நிர்வாகமும் பார்த்தவர். அந்தக் கொதிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். தன் கட்சிக்கும் ராஜாவுக்கும் எதிராக நின்று, 1829இல் கத்தோலிக்கருக்கு உரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றினார். ஒரு மாத உள்நாட்டுப் போரைத் தவிர்க்க உயிரையே கொடுப்பேன் என்று பிரபுக்கள் சபையில் பேசினார். வின்சில்சி பிரபு பழி சொன்னதற்காக, பிரதமராக இருந்துகொண்டே லண்டனில் பாட்டர்சீ மைதானத்தில் துப்பாக்கிச் சண்டைக்கும் போனார். வெலிங்டன் சுட்டது படவில்லை, வின்சில்சி வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

ஆனால் அதே கையோடு அயர்லாந்தின் சிறு குடியானவர்களின் ஓட்டைப் பறித்துவிட்டார்கள். இதையும் எழுதாமல் விடக்கூடாது.

செப்டம்பர் 30

இன்று படித்தது மனதை விட்டுப் போகவில்லை. 1830 செப்டம்பர் 15, லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைத் திறப்பு. பிரதமர் ரயிலில் போகிறார். வழியில் எம்.பி. ஹஸ்கிசன் இன்ஜின் மோதி இறக்கிறார். மான்செஸ்டரில் கூட்டம் கோபமாக நிற்கிறது, வெலிங்டனைப் பார்த்துக் கூச்சல் போடுகிறது. அவ்வளவு பெரிய ஆலை ஊருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கூடக் கிடையாது. ஓல்ட் சேரம் என்ற ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு பேர்.

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

நவம்பர் 2 அன்று சபையில், இப்போதிருக்கும் முறையே நாட்டின் முழு நம்பிக்கையைப் பெற்றது, மாற்றம் தேவையில்லை என்றார். இரண்டு வாரத்தில் ஆட்சி போனது. கைட்னா கரையில் வழிகாட்டிகள் சொன்னதை நம்பாமல் தானே போய்ப் பார்த்தவர் இவர். எனக்குக் கோபமாக இல்லை, வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 4

1831 ஏப்ரலில் கிட்டி இறந்தார். மறுக்கப்பட்ட அதே கிட்டியைத்தான் 1806இல் மணந்திருந்தார். உடல் வீட்டில் கிடக்கும்போதே, தேர்தல் முறையில் சீர்திருத்தம் கேட்ட கும்பல் வந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தது. பின்னாளில் ஜன்னல்களுக்கு இரும்புக் கதவு போட்டார்.

மறுவருடம், மான்செஸ்டர் போன்ற ஊர்களுக்கு இடம் தரும் சீர்திருத்த மசோதா மறுபடி வந்தது. அதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனாலும் தன் பக்கத்துப் பிரபுக்களை ஓட்டெடுப்புக்குப் போகாமல் ஒதுங்கி நிற்கச் செய்தார், தானும் போகவில்லை. 106க்கு 22 என்று மசோதா நிறைவேறியது. மான்செஸ்டருக்கு இரண்டு இடம் கிடைத்தது.

சாயங்காலம் மகளிடம் மீதிக் கதையைச் சொன்னேன். ஜன்னல் உடைந்ததைக் கேட்டதும், "அன்னைக்கு அவர் உள்ள இருந்தாரா?" என்றாள். ஊரில் இல்லை என்றேன். "அப்ப யார் உள்ள இருந்தா?" என்று கேட்டுவிட்டு, அவளே "கிட்டி" என்றாள்.