நயவஞ்சகர் வெண்பாவில் நிற்க மாட்டார்

டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்து ஊரான இர்விங்குக்கு நாங்கள் வந்தது கணவருடைய வேலைக்காக. அவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வருபவருக்கான எச்-4. எச்-4 விசாவில் வந்தவர் வேலைக்குப் போகக் கூடாது. 2015 மே மாதத்திலிருந்து ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்காக (நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக) அவர் நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு அந்த மனுவுக்கான ஏற்பாடே அப்போது தொடங்கவில்லை. மதுரையில் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருந்தேன். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த ஊர் வாசற்படியோடு முடிந்துவிடும்.

இந்திய மளிகைக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்கா கேட்டார்: "நீங்க தமிழா? புதுசா வந்திருக்கீங்களா?" அந்த இரண்டு கேள்விகள் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தன என்பதைச் சொல்லி விளக்க முடியாது. கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார். மறுநாளே கூப்பிட்டார். அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டில் சாப்பாடு: வத்தக்குழம்பு, கொத்தமல்லித் துவையல், அப்பளம். கிளம்பும்போது ஒரு டப்பாவில் துவையலை நிரப்பிக் கொடுத்தார். அன்று இரவு அம்மாவிடம், "இங்க ஒரு அக்கா கிடைச்சிட்டாங்கம்மா" என்று சொன்னேன்.

பிறகு மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. "எத்தனை நாளைக்கு ஒரே சம்பளத்துல ஓட்டப் போறீங்க?" என்றார். அவரும் அவர் கணவரும் தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். "எங்க மென்டார் ஒருத்தர் இருக்கார், அவரை ஒரு தடவை பாருங்க" என்றார்கள். என்ன தொழில் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் "நேர்ல சொல்றோம்" என்பதுதான் பதில். கடைசியில் ஒரு ஹோட்டல் அறையில் வெள்ளைப் பலகையில் வட்டங்கள் வரைந்து காட்டினார்கள். நமக்குக் கீழே ஆள், அவருக்குக் கீழே ஆள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே தன் அறிவுரைப் பக்கத்தில், சட்டப்படி நடக்கும் இத்தகைய பல அடுக்கு விற்பனையில் சேர்பவர்களில் பெரும்பாலோர் கொஞ்சமே சம்பாதிக்கிறார்கள் அல்லது எதுவும் சம்பாதிப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அதைவிட எங்களுக்குப் பெரிய தடை விசா. எச்-1பியில் இருப்பவர் தனக்காக மனுப் போட்ட நிறுவனத்துக்குத்தான் உழைக்கலாம். கணவர் மரியாதையாகவே "வேண்டாங்க" என்றார்.

அதன்பின் அழைப்பு இல்லை. நான் அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்குப் பதில் இல்லை. கோயிலில் எதிரே வந்தபோது அந்த அக்கா வேறு யாரிடமோ பேசத் திரும்பிக்கொண்டார்.

அந்த நாட்களில் திருக்குறளை எடுத்தேன். 133 அதிகாரங்களில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியவை. அவற்றில் இரண்டு, தீ நட்பும் கூடா நட்பும். இந்த வலி பழையது என்பதே ஓர் ஆறுதல்தான். ஆனால் படிப்பதோடு மனம் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து, அதற்குரிய வாய்பாடு எழுதிய பழக்கம் விரலில் மிச்சமிருந்தது. நானே ஒரு குறள் வெண்பா எழுதிப் பார்த்தேன்.

முதலில் வந்த சொல் 'நயவஞ்சகர்'. அலகிட்டால் நிரை, நேர், நிரை: வாய்பாடு புளிமாங்கனி. வெண்பாவில் இப்படிக் 'கனி' என்று முடியும் வாய்பாட்டுச் சீர் வராது. எங்கே வைத்தாலும் அந்தச் சொல் நிற்கவில்லை. தளைக்குள், அதாவது சீரோடு சீர் இணையும் விதிக்குள், அடங்கும் வேறு வசைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து எடுக்கும்போது, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தேடி வந்தார்கள். சாப்பாடு போட்டார்கள். அந்தச் சாப்பாடு பொய்யில்லை; அந்தத் துவையலின் ருசி இன்னும் நாவில் இருக்கிறது. வேண்டாம் என்றதும் போய்விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

தேடி விருந்திட்டார் தேவையில்லை என்றதுமே
ஓடி மறந்தார் உறவு.

இரண்டு நாள் பிடித்தது. முடித்த பிறகு அழுதேன். அழுகை அந்த அக்காவுக்காக இல்லை என்பது அப்போதுதான் தெளிந்தது. கறிவேப்பிலைக் கட்டுக்கு முன்னால் "நீங்க தமிழா?" என்று கேட்டபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சி உண்மையானது, அதற்காகத்தான் அழுதேன். கட்டற்ற புதுக்கவிதையாக எழுதியிருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டியிருப்பேன், கோபம் வளர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏழே சீர் என்ற எல்லை, நடந்ததை மட்டும் சொல்ல வைத்தது.

எழுதியதை அவர்களுக்கு அனுப்பவில்லை. மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த கோவைப் பெண்ணிடம்தான் முதலில் காட்டினேன். படித்துவிட்டு, "அந்த அண்ணாவும் அக்காவும் எங்க வீட்டுக்கும் வந்தாங்க அக்கா" என்றாள். அதே புத்தகம், அதே வெள்ளைப் பலகை. அன்று அவள் பிள்ளை தூங்கி எழும் வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். அவளுக்கு யாப்பு தெரியாது, கற்றுக்கொடு என்றாள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று தளை விதிகளைச் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, வகுப்பறையில் நின்ற பழைய நான் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

இப்போது ஒருவர் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்தால் மற்றவர் நான்கடி வெண்பாவாக முடிக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நவராத்திரிக்கு யார் யாரைக் கூப்பிட்டார்கள், யாரை விட்டார்கள் என்று அடுக்ககமே பேசிக்கொண்டிருந்த வாரத்தில் அவள் கொடுத்த ஈற்றடி: "அடுத்தவர் வீட்டுக் கொலு." தளை தட்டாமல் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் அடியின் எதுகைக்கு, இரண்டாம் எழுத்து ஒத்து வர, கொடுத்த, உடுத்த, எடுத்த என்று எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.