எட்டாம் நாள் காலையில் மயிலாப்பூர் குளக்கரை

கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் என்றால் ஊரே மதியத்துக்கு மேல்தான் திரளும், அறுபத்துமூவர் புறப்பாட்டுக்கு. அம்மா மட்டும் காலையிலேயே குளக்கரைக்குப் போய்விடுவாள். பூம்பாவை உயிர்த்தெழும் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. இந்த வருஷம் அம்மா இல்லை. அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பறக்கும் ரயிலில் இருந்து திருமயிலையில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "இந்தக் காலத்துலயும் சாமி இருக்குன்னு எப்படி மாமா நம்புறாங்க?" கல்லூரி இரண்டாம் வருஷம். அந்த வயதில் நானும் கேட்டவன்தான். "முதல்ல காபி குடி" என்று சமாளித்தேன்.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை, நந்தவனத்தில் பூப்பறிக்கும்போது பாம்பு தீண்டி இறந்துவிடுகிறாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. எரித்த பிறகு எலும்பையும் சாம்பலையும் அப்பா கரைக்கவில்லை. குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக்கொள்கிறார். வருஷங்கள் கழித்துத் திருஞானசம்பந்தர் வந்து அந்தக் குடத்தைப் பார்த்துப் பாட, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வருகிறாள். பெரியபுராணம் சொல்வது இது.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்து வைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. அதனால் சிவநேசரை என்னால் அவ்வளவு சுலபமாகப் புராணக்காரர் என்று ஒதுக்க முடிவதில்லை.

குளக்கரையில் நல்ல கூட்டம். மைக் இரண்டு முறை வீறிட்டு அடங்கியது. ஓதுவார் சம்பந்தரின் அந்தப் பதிகத்தை 'மட்டிட்ட புன்னை' என்று எடுத்ததும் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் செக்யூரிட்டி சட்டையோடு ஒருவர், இரவு டூட்டி முடித்து நேராக வந்திருப்பார் போல, கக்கத்தில் டிபன் பை. பாட்டு முழுக்க அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'போதியோ பூம்பாவாய்' வரும்போது மட்டும் சரியாகச் சேர்ந்துகொண்டார்.

பையன் செல்போனில் பதிகத்தைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டே வந்தான். பாதியில் என் தோளைத் தட்டி, "எழுந்து வான்னு ஒரு வரிகூட இல்லையே மாமா?" என்றான்.

உண்மைதான். இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தோன்றாத விஷயம். ஏழாம் நூற்றாண்டுப் பிள்ளை சம்பந்தர், செத்துப்போன பெண்ணிடம் வாதம் பண்ணவில்லை, தத்துவம் பேசவில்லை. பார்க்காமலா போகிறாய் என்று மட்டும் கேட்கிறார். எதையெல்லாம்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தைப்பூசத்துக்கு நெய் விட்ட சோறு உண்டு என்று அதையும் விடாமல் சொல்கிறார். முதல் பாட்டே அடியார்களுக்குச் சோறிடுவதைப் பற்றித்தான். கடவுள் இருக்கிறாரா என்பது வெளியில் நிற்பவர்களின் கேள்வி என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் "விளக்கீட்டுக்கு வருவியா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கற்பகாம்பாள் சன்னிதியில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், மகளின் ஜாதகத்தை அம்பாள் பாதத்தில் வைத்துத் தரச் சொல்லிக் குருக்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு ஹால் டிக்கெட் போயிருந்தது. பங்குனி பரீட்சைக் காலம், அம்பாளுக்கும் ஓய்வில்லை. முன்பெல்லாம் இதை பேரம் என்று கிண்டல் செய்வேன். அந்தம்மாள் ஜாதகத்தைத் திரும்ப வாங்கி, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்தபின் கிண்டல் வரவில்லை. எத்தனை வருஷமாக அந்த உறையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரோ.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. சரி, போகட்டும். மாட வீதியில் அடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். ஒருவர் தொன்னையில் புளியோதரையைத் திணித்தார், வேண்டாம் என்று சொல்வதற்குள் இன்னொருவர் தயிர்சாதம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜக்கோடு நின்ற பாட்டி பையனைப் பார்த்து, "ராஜா, கை வலிக்குது. கொஞ்சம் ஊத்துறியா?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு ஜக்கை வாங்கிக்கொண்டான்.

முதல் பல்லக்கு வரும்வரைக்கும் ஊற்றினான். நான் வெறுங்காலோடு தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். உப்பு கொஞ்சம் தூக்கல்.