இளவேனிலில் தேனீப் பண்ணை வேலைகள்

கடுங்குளிரைத் தாங்கிக் கரையேறிய ஒரு தேனீக் குடும்பம், முதல் பூக்கள் மலர்ந்த பிறகு பட்டினியால் மடிந்துபோவது தேனீ வளர்ப்பில் அபூர்வமன்று. வெளியே மரங்கள் பூத்திருக்க, பெட்டிக்குள் அடையின் அறைகளில் தலையை நுழைத்து, பின்பகுதி மட்டும் வெளியே தெரியும்படி வரிசையாகச் செத்துக் கிடக்கும் தேனீக்களைப் பார்த்தவர்கள், இளவேனிலைக் கவலையற்ற பருவம் என்று சொல்லமாட்டார்கள்.

குளிர்காலத்தில் வளர்க்கப் புழுக்கள் இல்லாதபோது, கூட்டம் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு கொஞ்சம் தேனிலேயே காலம் தள்ளிவிடும். ராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. புழுக்கள் இருக்கும் பகுதியை இரவும் பகலும் 34 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த வெப்பத்திற்கு எரிபொருள் சேமித்த தேன்தான். அந்த வேலையைச் செய்பவையோ சென்ற ஆண்டு பிறந்த கிழட்டுத் தேனீக்கள். இன்று இடப்படும் முட்டை பணித்தேனீயாக வெளிவர 21 நாட்களாகும். அது பூவைத் தேடிப் பறக்க மேலும் இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில் நாலைந்து நாள் மழை பிடித்துக்கொண்டால், பூ இருந்தும் பயனில்லை.

ஆகவே பருவத்தின் முதல் வேலை, பெட்டியைத் திறப்பதன்று, பின்புறத்தில் கை கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பது. சில பெட்டிகளைத் தூக்கிப் பழகிய கைக்கு எடையே இருப்பைச் சொல்லிவிடும். இருப்பு குறைந்திருந்தால், சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகு வைக்கலாம். குளிர் இன்னும் விடவில்லையென்றால், கூட்டத்திற்கு நேர் மேலே கெட்டிச் சர்க்கரையாக வைப்பதே நல்லது. தேன் சேர்வதற்காகப் பெட்டியின் மேல் அடுக்கும் தேன் அறையை ஏற்றுவதற்கு முன் பாகு கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் பாகும் தேனோடு சேர்ந்துவிடும்.

காற்றில்லாத, 15 டிகிரியாவது இருக்கிற ஒரு நண்பகலில் முதல் முறையாக, அடைகள் கட்டப்பட்ட சட்டங்களை வெளியே எடுக்கலாம். ராணியைத் தேடி நேரத்தைக் கழித்துப் புழுக்களைக் குளிரவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று, சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தால், அறையின் அடியில் நூல்துண்டைப் போல வெள்ளையாக முட்டை தெரியும். இட்ட அன்று அது நிமிர்ந்து நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். ஓர் அறைக்கு ஒரு முட்டை என்று நிறைந்திருந்தால் ராணி நலம். ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாக ஒட்டியிருந்தால், ராணி இல்லாமல் பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அடிப்பலகையில் குவிந்த செத்த தேனீக்களையும் மெழுகுத் துகள்களையும் அன்றே துடைத்தெடுத்துவிடலாம். தேனீக்களின் மேல் ஒட்டி வாழும் வாரோவா உண்ணிகளின் எண்ணிக்கையையும் இப்போதே பார்ப்பது நல்லது. மூடிய புழு அறைகளுக்குள் அவை பெருகுவதால், புழுக்கள் கூடக் கூட அவையும் கூடும்.

சில வாரங்களிலேயே கவலை தலைகீழாகிறது. பட்டினிக்கு அஞ்சிய பெட்டியில் இப்போது இடம் போதாது. குடும்பம் பிரிந்து பறக்க ஆயத்தமாகிறது. புது ராணி வளரும் ராணி அறை, அதில் முட்டை இடப்பட்ட எட்டாம் அல்லது ஒன்பதாம் நாளில் மூடப்படும். அதையொட்டி நல்ல வெயிலடித்தால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். வாரம் ஒரு முறை பார்க்கவேண்டும் என்பது இந்தக் கணக்கினால்தான். சட்டத்தின் அடிவிளிம்பில் தொங்கும் ராணி அறைகளைக் கிள்ளியெறிவதோடு திருப்திப்படுகிறவர்கள் உண்டு. நெரிசல் அப்படியே இருக்க, கிள்ளுவதால் என்ன பயன்? தேனீக்கள் மறுபடியும் கட்டும். நாம் ஒன்றைத் தவறவிட்டாலே போதும்.

நெரிசல் வருமுன்பே தேன் அறையை ஏற்றுவதும், மிகப் பெருத்த குடும்பத்தை நாமே பிரித்து வைப்பதும்தான் வேலை செய்யும். பழைய ராணியைப் புழுக்களும் தேனும் உள்ள சில சட்டங்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றினால், தாய்ப்பெட்டி தனக்கொரு ராணியை வளர்த்துக்கொள்ளும். ஆனால் ஆண் தேனீக்கள் நடமாடுமுன் பிரிப்பது வீண். ஆண் தேனீ வெளிவரவே 24 நாட்களாகும், இனச்சேர்க்கைக்கு முதிர மேலும் சுமார் இரண்டு வாரங்கள் வேண்டும். புது ராணி, முட்டை இடப்பட்ட 16ஆம் நாளில் வெளிவந்து, பறந்து இணைந்து, முட்டையிடத் தொடங்கும்வரை அந்தப் பெட்டியை அடிக்கடி திறந்து கலைக்காமல் விடுவதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.